அடிக்கணக்கில் சிலை கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிலை அமைப்புக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், அதற்கான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் கையெழுத்திடும் பொறியாளர்களுக்கும்,

ஒன்பதடி உயர வெண்கலச் சிலை. வேலை உத்தரவு கிடைத்த 45 நாளில் பீடத்தில் நிற்க வேண்டும். விலையை அடிக்கு இவ்வளவு என்று எழுத வேண்டும். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. ஒரு வரி தள்ளி, ‘வெண்கலம் அல்லது வெண்கல வண்ணம் பூசிய ஃபைபர்’. இந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறோம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. தலைவர் பெயரும் தேதியும் மாறுமே தவிர, இதே வாசகங்கள்தான் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. உருவச் சிற்பிகளும் வார்ப்புப் பட்டறைக்காரர்களுமான எங்களில் சிலர் இதற்கு விலை எழுதிக் கொடுத்தும் இருக்கிறோம். ஆகவே இந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் அந்த அடிக்கணக்கைப் பார்ப்போம். ஆறடிச் சிலையை ஒன்பதடியாக்கினால் உயரம்தான் ஒன்றரை மடங்கு. மேற்பரப்பு இரண்டேகால் மடங்கு. கனஅளவோ மூன்றேகால் மடங்குக்கும் மேல். பன்னிரண்டு அடியாக்கினால் மேற்பரப்பு நான்கு மடங்கு, வார்ப்புக்கு முன் உருவம் செய்யும் களிமண் எட்டு மடங்கு. வெண்கலச் சிலை உள்ளே கூடு என்பதால் உலோகம் மேற்பரப்பின் கணக்கில் ஏறும். களிமண்ணும் அதைத் தாங்கும் இரும்பும் கனஅளவின் கணக்கில் ஏறும். அடிக்கு இவ்வளவு என்று ஒரே விலை கேட்டால், உயரம் கூடக்கூடச் செய்பவர் நட்டப்படுவார். நட்டப்பட யாரும் விலை எழுதுவதில்லை. எங்கிருந்தாவது அதை எடுத்தாக வேண்டும். எடுப்பது சிலையின் கனத்திலிருந்து.

வேட்டியும் மேல்துண்டுமாக நிற்கும் ஒன்பதடி உருவத்துக்கு மேற்பரப்பு ஏறக்குறைய ஆறு சதுர மீட்டர் வரும். 6 மி.மீ. கனத்தில் வார்த்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். 3 மி.மீ. ஆக்கினால் அதில் பாதி. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மெல்லிய இடைவெளியில் உருகிய உலோகம் ஓடி முடிப்பதற்குள் ஆறிவிடும். இரண்டு பக்கத்திலிருந்து வந்த ஓட்டங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் கோடு விழும், ஓட்டை விழும். அந்த ஓட்டையை அதே உலோகக் கம்பியால் வெல்டிங் வைத்து அடைப்பதற்குப் பதிலாகப் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே வெண்கல நிறப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். திறப்பு விழாவன்று பளபளப்பாக இருக்கும் சிலையைக் கண்டால் நாங்கள் சந்தேகப்படுவது இதனால்தான். நல்ல வார்ப்புக்குப் பெயின்ட் தேவையில்லை.

உலோகத்திலும் இதே கதை. பொது இடச் சிலைக்கு எங்கும் பழகிய ஒரு கலவை உண்டு: செம்பு 85 பங்கு, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, காரீயம் 5. செம்பும் வெள்ளீயமும்தான் விலை. அவற்றைக் குறைத்துத் துத்தநாகத்தை ஏற்றினால் கிடைப்பது பித்தளை. புதிதில் வெண்கலத்தைவிட மஞ்சளாக, அழகாகவே இருக்கும். கடற்கரை ஊரில் உப்புக் காற்று படப்பட அதிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி, அந்த இடம் சிவந்து பஞ்சு போலாகிவிடும். உங்கள் அறிவிப்பில் ‘வெண்கலம்’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. கலவை விகிதம் இல்லை, கனம் இல்லை, எடை இல்லை, சோதனை இல்லை. சாலைக்குத் தார் ஊற்றும்போது கனத்தை அளக்கத் துளையிட்டு எடுக்கிறீர்களே, சிலைக்கு மட்டும் ஏன் கண்ணால் பார்த்து வாங்குகிறீர்கள்?

இனி அந்த 45 நாள்.

ஒன்பதடி உருவத்துக்கு முதலில் இரண்டடி உயரத்தில் ஒரு சிறு மாதிரி செய்ய வேண்டும். எந்தக் காலில் எடை, துண்டு எந்தத் தோளில், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் இங்கேயே முடிவாக வேண்டும். பெரிய உருவத்தில் மாற்றினால் உள்ளே இருக்கும் இரும்பை அறுக்க வேண்டியிருக்கும். இதற்கு மூன்று வாரம். அடுத்து உள்கூடு. நடுத்தண்டுக்கு இரும்புக் குழாய், கை கால்களுக்கு வளைத்த கம்பி, அவற்றிலிருந்து கட்டுக்கம்பியில் தொங்கும் மரச் சிலுவைகள். ஈரக் களிமண் தன் எடையாலேயே சரியும். அந்தச் சிலுவைகள்தான் பிடித்து நிறுத்தும். ஏற வேண்டிய மண் 600 கிலோவிலிருந்து ஒரு டன் வரை. முழங்கைக் கம்பி அரை அங்குலம் தவறான இடத்தில் இருந்தால், மண் வைத்து முடிக்கும்போது கம்பி தோலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். உருவம் முடிய எட்டிலிருந்து பத்து வாரம்.

பிறகு அச்சு. மண் உருவத்தின் மேல் ரப்பர் பூசி, அதற்கு வெளியே பிளாஸ்டரிலோ ஃபைபரிலோ தாங்கு ஓடு கட்டி, துண்டு துண்டாகக் கழற்ற வேண்டும், மூன்று வாரம். அச்சுக்குள் மெழுகை 5 அல்லது 6 மி.மீ. கனத்துக்குப் பூசி எடுத்து, தையல் கோடுகளைச் சூடான கரண்டியால் மறைத்து, விரல் நகமும் மூக்குக் கண்ணாடியும் மறுபடி செதுக்குவது இன்னொரு மூன்று வாரம். இந்த மெழுகின் கனம்தான் நாளை வெண்கலத்தின் கனம். அதனால் ஏமாற்று நடந்தால் இங்கேதான் நடக்கும். பார்வையிட வேண்டியதும் இங்கேதான்.

மெழுகைச் சுற்றி வெளியேயும் உள்ளேயும் சுடுமண் கலவை. உள்மண் நகராமலிருக்கக் குறுக்கே ஊசிகள். உலோகம் இறங்க வழி, காற்று வெளியேற வழி. உலையில் 600 டிகிரிக்கு மேல் புகை அடங்கும்வரை மெழுகை எரித்து வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டு ஈரம் மிச்சமிருக்கும் அச்சில் 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலோகத்தை ஊற்றினால், நீராவி கிளம்பி உலோகம் வெளியே பீறிடும். நிற்பவர்கள் முகத்தில் அது படும். பட்டறையில் ‘காயட்டும்’ என்று ஒரு வாரம் தள்ளுவது சோம்பல் என்று நினைக்காதீர்கள். வார்ப்புக்கு மட்டும் நான்கு வாரம். எட்டிலிருந்து பன்னிரண்டு துண்டுகளாக வந்ததை ஒட்டி, ஊசித் துளைகளை அடைத்து, ஒட்டின இடம் தெரியாமல் சீவி முடிக்க ஐந்து வாரம். சூட்டாலும் ரசாயனத்தாலும் நிறமேற்ற ஒரு வாரம். மொத்தம் ஏழு மாதம். எதுவும் பிசகாமலிருந்தால்.

இதில் ஒரு சின்ன விஷயம். மெழுகும் சுருங்கும், வெண்கலமும் ஆறும்போது சுருங்கும். ஒன்பதடி மண் உருவம் வெண்கலத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் குறைந்துதான் வரும். தெரிந்த சிற்பி அதைச் சேர்த்தே மண் வைப்பார். டேப் பிடித்து அளந்து இரண்டு அங்குலத்துக்குப் பணம் பிடிக்க வருபவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறோம்.

இதையெல்லாம் 45 நாளில் எப்படி முடிக்கிறார்கள்? முடிப்பதில்லை. பட்டறையில் ஏற்கெனவே கிடக்கும் உடல் அச்சு ஒன்றை எடுத்து, தலையை மட்டும் புதிதாகச் செய்து பொருத்துகிறார்கள். ஒருவருக்குச் செய்த தோளில் இன்னொருவரின் கழுத்து. தூணைப் போல இரண்டு காலிலும் சமமாக நிற்கும், யாருடையதும் ஆகாத உடல். மனிதர் நிற்கும்போது ஒரு காலில் பாரம் விழும். அந்தப் பக்கம் இடுப்பு ஏறும், தோள் தாழும், வேட்டி மடிப்பு அங்கிருந்து இழுபடும். அந்த இழுப்பு இல்லாத சிலையை ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு ‘ஏதோ சரியில்லை’ என்பார்கள். என்ன சரியில்லை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாமலிருக்கலாம். அவர்கள் கண் சொல்வது சரிதான்.

சென்னையில் இருப்பவர்கள் மெரினாவுக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். உழைப்பாளர் சிலை, 1959 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்டது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். நால்வரில் ஒருவரும் நேராக நிற்கவில்லை. நெம்புபவனின் பின்னங்கால் தரையை உதைக்கிறது. அந்த விசை தொடையில் ஏறி, முதுகில் வளைந்து, கை வழியாகப் பாறைக்குப் போவதைப் பின்னாலிருந்து பார்த்தாலும் பின்தொடரலாம். அதே கடற்கரையில் அவர் செய்த காந்தி நடக்கிறார். ஊன்றிய கால், வீசிய கால், கோல் மூன்றையும் மறைத்துவிட்டு உடலை மட்டும் பார்த்தாலும் நடப்பது தெரியும். உடல் அச்சு வாங்கித் தலை மாற்றினால் இது வராது.

எவ்வளவு காலம் எடுத்தது என்பதையும் பாருங்கள். 1942இல் பாட்னா தலைமைச் செயலகத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்ட ஏழு மாணவர்களுக்கான நினைவுச் சின்னம் அவருடையதுதான். அடிக்கல் 1947 ஆகஸ்ட் 15, திறப்பு 1956. மண்ணில் அவர் செய்த உருவங்கள் இத்தாலிக்குப் போய் வெண்கலமாகித் திரும்பின. இன்னும் பின்னால் போனால், சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கும் அந்நாள் மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ. அவர் இறந்தது 1827இல். லண்டனில் சிற்பி சான்ட்ரி செய்து, கப்பலில் வந்து, சிலை நின்றது 1839இல். அவ்வளவு காத்திருந்தும் கால் வைக்கும் அங்கவடி இல்லை என்று ஊர் இன்றுவரை பேசுகிறது! பன்னிரண்டு ஆண்டில் விடுபட்டதே இப்படிப் பேசப்பட்டால், 45 நாளில் விடுபடுவதை யார் எண்ணுவது?

ராய் சௌத்ரிக்கு ஒரு வசதி இருந்தது. அதைச் சொல்லாமல் அவரைக் காட்டி உங்களைக் குறை சொல்வது நியாயமாகாது. 1929 முதல் 1957 வரை அவர் சென்னை கலைப் பள்ளியின் தலைவர். மாதச் சம்பளம், கூடம், மாணவர்கள் எல்லாம் இருந்தன. பெரியார், திரு.வி.க. தலைகளைச் செய்த எஸ். தனபால் அவரிடம் படித்து, அதே பள்ளியில் ஆசிரியரானவர். உருவச் சிற்பத்தில் இந்த ஊர் பெருமையாகக் காட்டும் வேலைகளுக்குப் பின்னால் ஓர் அரசுச் சம்பளம் இருந்திருக்கிறது. இன்று தனியாக வேலை செய்யும் சிற்பி உங்கள் முன்பணத்தில்தான் மண்ணும் இரும்பும் வாங்குகிறார். உங்கள் அறிவிப்போ அந்த முன்பணத்தையும் தருவதில்லை. மாறாக அவரிடம் பிணைத்தொகை கேட்கிறது, பதிவு பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும் என்கிறது, மூன்று ஆண்டு வரவுசெலவுக் கணக்கு கேட்கிறது. இவை எல்லாம் இருப்பது கட்டட ஒப்பந்தக்காரரிடம். அவர் வேலையை எடுத்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு, மிச்சத்துக்கு ஒரு சிற்பியைத் தேடுகிறார். கல்வெட்டில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், ஒப்பந்தக்காரர் வரை பெயர் இருக்கும். செய்தவர் பெயரை நாங்கள் தேடிச் சலித்துவிட்டோம்.

முகச் சாயல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டை எல்லாம் இங்கேதான் வருகிறது. வேலை உத்தரவோடு எங்களுக்குத் தரப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு படம்: சுவரொட்டியில் வந்த நேர்முகப் படம், அதுவும் மெருகேற்றியது. நேர்முகப் படத்தில் மூக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது, தாடை எவ்வளவு முன்வருகிறது, பின்மண்டை எப்படி இருக்கிறது என்று எதுவும் தெரியாது. கிட்டே நின்று எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கியிருக்கும். பக்கவாட்டுப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும், முக்கால் பக்கம் திரும்பியது இரண்டாவது வேண்டும், எந்த வயதுக்குச் சிலை என்று எழுத்தில் வேண்டும். ஐம்பது வயதுப் படமும் எழுபது வயதுப் படமும் கலந்து வந்தால் இரண்டு பேரைக் கலந்ததாகத்தான் முகம் வரும். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் 1850இல் இறந்தவர். 1891இல் அவருக்குச் சிலை செய்ய ஒப்புக்கொண்ட பிரெஞ்சுச் சிற்பி ரோடின், பால்சாக்கின் பழைய தையல்காரரிடமே போய் அந்த உடம்பின் அளவில் உடை தைக்கச் சொன்னார். வயிறு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பதினெட்டு மாதத்தில் தருவதாகச் சொன்னவர் 1898இல்தான் காட்டினார், கேட்ட குழு வேண்டாமென்று தள்ளிவிட்டது. பாரிஸ் தெருவில் அது வெண்கலமாக நின்றது 1939இல். ரோடின் இறந்தே 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. குழு என்றால் எங்கும் குழுதான்.

மண் நிலையில் பார்வையிட வாருங்கள் என்று அழைத்தால், நீங்கள் கைபேசியில் படம் அனுப்பச் சொல்கிறீர்கள். பத்தடி பீடத்தில் ஏறப்போகும் உருவத்தைத் தரையில் நின்று கைபேசியில் பார்த்தால் தலை பெரிதாகத்தான் தெரியும். வேண்டுமென்றேதான் பெரிதாக்குகிறோம். கீழிருந்து பார்க்கும்போது தலை சிறுத்து, தாடை முந்தி, கண் மறையும். அதற்காகத் தலையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கொஞ்சம் முன்சாய்க்க வேண்டும். நம் ஊர் நடுப்பகல் வெயிலில் புருவத்தின் நிழல் கண்குழியை அடைத்துவிடும். மேலிமையைத் தடிமனாக்கி, கருவிழியைக் குடைந்து, ஒரு சிறு புள்ளியை மட்டும் விட்டால்தான் பார்வை தெரியும். அருகில் பார்த்துவிட்டு ‘கண்ணில் ஏன் ஓட்டை’ என்று கேட்டு அடைக்கச் சொன்னால், மேலே ஏறியதும் குருட்டுக் கண்.

வருவதாகச் சொல்லிவிட்டு மூன்று வாரம் வராமலிருப்பதும் செலவுதான். ஒரு டன் மண்ணை ஈரத்துணியிலும் பாலித்தீனிலும் சுற்றி, சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் மணிக்கட்டிலும் கழுத்திலும் வெடிக்கும். கடைசியில் பன்னிரண்டு பேர் வந்து பன்னிரண்டு திருத்தம் சொல்வீர்கள். ‘இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்’ என்பது அதில் ஒன்றாக எப்போதும் இருக்கும்.

ஃபைபரைப் பற்றி எங்களுக்கு விரோதம் இல்லை. நாங்களே அதில் வேலை செய்கிறோம். மாநாட்டுப் பந்தலுக்கு, அருங்காட்சியகக் கூடத்துக்கு நல்ல பொருள். வெயிலில் சில ஆண்டுகளில் மேல்பூச்சு வெளுத்து, உள்ளிருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரியும். ஃபைபர் வேண்டுமென்றால் ஃபைபர் என்றே கேளுங்கள், ஃபைபர் விலையே கொடுங்கள். ‘அல்லது’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் வெண்கலத்துக்கு விலை எழுதுபவர் தோற்றுப்போகிறார்.

நிறுவிய பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். சிலைக்குள் விட்டுப்போன சுடுமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாதத்தில் வடிதுளை இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே தேங்கும். வெண்கலத்தோடு சாதாரண இரும்புச் சட்டத்தை ஒட்டவைத்தால் உப்புக் காற்றில் இரும்பு விரைவாக அரித்து, பீடத்தில் துருக்கோடு வழியும். உள்ளே துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். பிறந்தநாளுக்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்ப்பதும், கம்பி பிரஷ் போடுவதும், தங்கநிறப் பெயின்ட் அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. புளி, ஒரு வாரம் ஏற்றிய நிறத்தை ஒரு மணி நேரத்தில் உரிக்கும். பெயின்ட் ஆண்டுக்கு ஒரு பூச்சாக ஏறி, இமையும் உதடும் வழவழத்துப்போகும். மாலை வாடி ஈரத்தோடு கிடந்தால் கழுத்தில் பச்சை பிடிக்கும். கூண்டு வைப்பதன் காரணம் எங்களுக்கும் தெரியும், அதைப் பற்றிப் பேசவில்லை. கழுவ ஆள் நுழையும் அளவுக்கு அதில் ஒரு கதவாவது வையுங்கள்.

ஆகவே கேட்கிறோம்.

இப்போது வெளியாகியிருக்கும் அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். அடிக்கு விலை என்ற பத்தியை நீக்கி, உயரம், குறைந்தபட்சக் கனம் 5 மி.மீ., கலவை விகிதம், எதிர்பார்க்கும் எடை ஆகிய நான்கையும் எழுதுங்கள். வார்ப்பிலிருந்து வெட்டிய துண்டை ஆய்வகத்தில் சோதித்து, சிலையை எடைபோட்ட பிறகே இறுதித் தொகையைக் கொடுங்கள். ‘அல்லது ஃபைபர்’ என்பதை எடுத்துவிடுங்கள்.

ஒன்பதடிக்கு ஏழு மாதம் என்று வைத்துக்கொண்டு, விழாத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அறிவிப்பை வெளியிடுங்கள். தலைவர்களின் பிறந்தநாள் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதானே.

விலை உறையைப் பிரிக்கும் முன் சிறு மாதிரிகளைப் பாருங்கள். மூன்று சிற்பிகளைத் தேர்ந்து, மாதிரி செய்யும் செலவை மூவருக்கும் கொடுத்து, அவற்றைப் பார்த்து ஒருவரை முடிவு செய்யுங்கள். தேர்வில் உருவச் சிற்பம் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். சிற்பியே நேரடியாக விலை எழுத முடியும்படி ஒப்பந்தக்காரர் பதிவு, வரவுசெலவு நிபந்தனைகளைச் சிலைக்கு மட்டும் தளர்த்துங்கள். பீட வேலையைத் தனி ஒப்பந்தமாக்குங்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாகத் தாருங்கள்: சிறு மாதிரி ஏற்கப்பட்டதும் 20 சதவீதம், மண் உருவம் ஏற்கப்பட்டதும் 30, மெழுகின் கனத்தை அளந்ததும் 20, நிறுவியதும் 25, ஓராண்டு கழித்து மீதி.

பார்வையிட இரண்டே முறை, குழுவின் சார்பில் ஒருவரும் குடும்பத்தாரில் ஒருவரும் வாருங்கள். அழைத்த ஏழு நாளுக்குள் வாருங்கள். திருத்தத்தை எழுத்தில் கொடுங்கள். பீடத்தின் உயரத்தை முடிவு செய்யும் முன், சிலையின் அளவில் பிளைவுட்டில் வெட்டிய உருவத்தை அந்த இடத்தில் ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள்; வெயில் முகத்தில் விழும் பக்கம் திருப்பி வையுங்கள்.

ஏற்கெனவே நிற்கும் வெண்கலச் சிலைகளுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஆண்டுக்கு இருமுறை தண்ணீரும் காரமில்லாத சோப்பும் கொண்டு கழுவி, மென்மையான துணியால் மெழுகு தேய்த்தால் போதும். கடற்கரை ஊர்களில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவ வேண்டும். இதற்கான ஆள்களுக்கு ஒரு நாள் பயிற்சி தர நாங்கள் பணம் கேட்கவில்லை.

பீடத்தில் சிற்பியின் பெயரையும் வார்த்த பட்டறையின் பெயரையும் ஆண்டையும் பொறியுங்கள். குறை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கும் அது உதவும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் என்பதை, ஒப்பந்தப்புள்ளி பிரிக்கும் தேதிக்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள்.

உருவச் சிற்பிகளும் வார்ப்புப் பட்டறையினரும்